ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஜப்பானுக்கு!

ஜூலை மாதக் கடைசி. டோக்கியோவில் நம் சென்னைப் புழுக்கத்துக்குச் சற்றும் குறையாத புழுக்கம். பெரிய ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் நூற்றுக் கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் கூடியிருக்கிறார்கள். பலருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான். கல்லூரியை விட்டு வெளியே வந்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். விமானத்தில் இழந்த தூக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டு நாள் சொற்பொழிவு கேட்கிறார்கள். பிறகு மூட்டை முடிச்சுகளோடு திசைக்கு ஒருவராகப் பிரிகிறார்கள். ஒருவர் வடக்கே ஹொக்கைடோவின் பனிப் பிரதேசத்துக்கு. ஒருவர் தெற்கே ஒகினாவாவில் ஒரு தீவுக்கு. இன்னொருவர், வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாத ஒரு மலைக் கிராமத்துக்கு. அங்கே பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் உத்தியோகம். வாழ்க்கையின் முதல் உத்தியோகம்!

இவர்களில் பலர் ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தியவர்கள் அல்லர். ஜப்பானிய பாஷையில் வணக்கம் சொல்வதற்கே திணறுகிறவர்களும் உண்டு. இவர்களை நம்பியா ஒரு தேசம் தன் குழந்தைகளை ஒப்படைக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஜப்பானியப் பெற்றோர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வர்த்தகச் சண்டையில் பிறந்த திட்டம்

இந்த ஏற்பாட்டுக்கு ‘ஜெட் திட்டம்’ என்று பெயர். ஆகாய விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பான், பரிவர்த்தனை, போதனை என்ற பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. 1987-ல் ஆரம்பமாயிற்று.

அது ஜப்பானியக் கார்களும் டெலிவிஷன் பெட்டிகளும் அமெரிக்கக் கடைவீதியில் வெள்ளமாகப் பாய்ந்து கொண்டிருந்த காலம். ஜப்பான் தன் சரக்கை வெளியே அனுப்புகிறது, வெளியாரை மட்டும் உள்ளே விடுவதில்லை என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல். பிரதமர் நகாசோனேயும் ஜனாதிபதி ரீகனும் எவ்வளவுதான் சிநேகமாக இருந்தாலும் வர்த்தகக் கணக்கு இடித்துக் கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டு இளைஞர்களை ஆயிரக் கணக்கில் வரவழைத்து ஊர் ஊராகக் குடியமர்த்துவது நல்ல சமாதானமாகத் தோன்றிற்று. ஆகவே குழந்தைகளின் ஆங்கிலம் பாதிக் காரணம். பிற நாட்டார் மனத்தைக் குளிர வைப்பது மறு பாதி. உள்நாட்டு இலாகா, வெளிநாட்டு இலாகா, கல்வி இலாகா மூன்றும் சேர்ந்து திட்டத்தை நடத்தின. மூன்று மாமியார், ஒரு மருமகள்!

முதல் வருஷம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். 2002-ல் அந்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டி விட்டது. முதல் வருஷத்துக்குப் பின் ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர் என்று பல திக்குகளிலிருந்தும் வரத் தொடங்கினர். வேண்டிய தகுதி ஒரு கல்லூரிப் பட்டம். அது இலக்கியப் பட்டமாகவும் இருக்கலாம், கடல் மீன்களைப் பற்றிய பட்டமாகவும் இருக்கலாம்! ஆசிரியப் பயிற்சி இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இப்படி வருகிறவருக்குப் பெயர் ஆசிரியர் அல்ல, ‘உதவி ஆசிரியர்’. ஜப்பானியச் சட்டப்படி ஆசிரியர் உரிமச் சான்று இல்லாதவர் தனியாக வகுப்பை நடத்தக் கூடாது. ஜப்பானிய ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த ஒரு விதிதான் பின்னால் வரும் கதைக்கெல்லாம் ஆணிவேர்.

ஆகஸ்டு மாதத்து நாற்காலி

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பட்டதாரிக்கு முதலில் காத்திருப்பது குழந்தைகள் அல்ல. கோடை விடுமுறை! பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் சம்பளம் வாங்குகிறவர் ஆபீஸுக்கு வந்துதானே ஆக வேண்டும்? காலையில் வந்து, வெளியே போட்ட செருப்பைக் கழற்றி, உள்ளே போடும் செருப்பை மாட்டிக் கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய மேஜையில் உட்கார்ந்து விடுகிறார். மாலை வரை வேலை இல்லை. சுற்றிலும் மற்ற ஆசிரியர்கள் விடுமுறையிலும் வந்து சுறுசுறுப்பாக ஏதோ எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இவருக்கோ ஒரு வார்த்தை புரிவதில்லை. இந்த நாட்களுக்கு ‘மேஜையைச் சூடேற்றும் காலம்’ என்று இவர்கள் வட்டாரத்தில் ஒரு வேடிக்கைப் பெயர்.

வேடிக்கை என்று சொன்னேனே தவிர, புதிதாக வந்தவரின் மனம் தளர்வது இந்த நாட்களில்தான். கடினமான வேலை மனிதனை ஊருக்குத் திருப்பி அனுப்புவதில்லை. வேலையே இல்லாமல், பேச ஆளும் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் அனுப்பி விடும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பரீட்சை. குப்பை! எரியும் குப்பை ஒரு கிழமை, எரியாத குப்பை ஒரு கிழமை, பாட்டில் ஒரு நாள், பழைய காகிதம் ஒரு நாள். பல ஊர்களில் நகரசபை குறிப்பிட்ட பையில்தான் போட வேண்டும். காலை எட்டு மணிக்குள் போட வேண்டும். பிசகினால் அந்தப் பையை மட்டும் ஒரு சீட்டு ஒட்டி, தெருவார் எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே விட்டுப் போய் விடுவார்கள். யாரும் கோபித்துக் கொள்வதில்லை. அதுதான் அதிக வெட்கம்.

வந்து குடியேறிய 14 நாட்களுக்குள் நகரசபையில் விலாசத்தைப் பதிய வேண்டும். பிறகு பாங்குக் கணக்கு. கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் செதுக்கிய சிறு முத்திரை கேட்பது அந்த நாட்டுப் பழைய சம்பிரதாயம். இப்போது கையெழுத்தை ஏற்கும் பாங்குகளும் உண்டு. பாங்கில் டெலிபோன் எண் கேட்பார்கள். டெலிபோன் கம்பெனியில் பாங்குக் கணக்கு கேட்பார்கள். கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான். இதற்கிடையில் முதல் சம்பளம் கைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம். ‘ஜெட்’டில் வருகிறவருக்காவது உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் வீடு பார்த்துக் கொடுப்பது வழக்கம். தனியார் ஏஜென்ஸி மூலம் வருகிறவர் முன்பணத்தோடு ‘ரெய்கின்’ என்று ஒரு தொகையும் தர வேண்டியிருக்கலாம். அது வீட்டுக்காரருக்கு நன்றிக் காணிக்கை. திரும்பி வராது. வாடகையும் கொடுத்து நன்றியும் கொடுப்பானேன் என்று நம்மவர் கேட்போம். ஜப்பானிய இளைஞர்களே இப்போது கேட்கத் தொடங்கி, ரெய்கின் வாங்காத வீடுகளும் பெருகியிருக்கின்றன.

பயந்தவர் இருவர்

செப்டம்பர் பிறக்கிறது. முதல் வகுப்பு!

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் நெடுங்காலம் ஆங்கிலம் நடுநிலைப் பள்ளியில்தான் தொடங்கிற்று. 2011-ல் ஆரம்பப் பள்ளியின் 5, 6-ம் வகுப்புகளில் ஆங்கிலப் பேச்சுப் பழக்கம் கட்டாயமாயிற்று. 2020-ல் இன்னும் ஓர் அடி. அந்த இரண்டு வகுப்புகளிலும் ஆங்கிலம் மதிப்பெண் உள்ள முழுப் பாடமாயிற்று. வருஷத்துக்கு 70 பாட வேளை. 3, 4-ம் வகுப்புகளில் விளையாட்டாகப் பேசிப் பழக 35 வேளை.

சரி, யார் சொல்லிக் கொடுப்பது? ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். கணக்கும் அவர்தான், சரித்திரமும் அவர்தான், உடற்பயிற்சியும் அவர்தான். இருபது, இருபத்தைந்து வருஷம் அப்படிப் பணியாற்றிய அம்மையாரிடம் ஒரு நாள் வந்து, “நாளை முதல் ஆங்கிலமும் நீங்கள்தான்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? கல்லூரியோடு ஆங்கிலத்தைக் கைகழுவியவர்கள் பலர். அந்நியர் ஒருவர் முன்னால், அதுவும் தம் மாணவர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போது, தப்பும் தவறுமாகப் பேசுவதா என்ற கூச்சம் வேறு.

ஆகவே அந்த அறையில் பயந்து நிற்பவர் இருவர். பாஷை தெரிந்தும் பாடம் நடத்தத் தெரியாத இளைஞர் ஒருவர். பாடம் நடத்தத் தெரிந்தும் பாஷை தெரியாத ஆசிரியை ஒருவர். எதிரே முப்பது குழந்தைகள். அவர்களுக்கு மட்டும் பயம் இல்லை! “உங்களுக்கு நாத்தோ பிடிக்குமா?” “சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியுமா?” என்று முதல் நாளே கேள்விக் கணைகள். நாத்தோ என்பது புளிக்க வைத்த சோயா மொச்சை. நூல் நூலாக இழுக்கும். வாசனை ஊரைக் கூட்டும்.

இந்த இருவரும் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கிக் கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில பள்ளிகளில் வெளிநாட்டார் மூலையில் நிற்பார். ஆசிரியை ஜாடை காட்டும்போது ஒரு வாக்கியத்தை வாசிப்பார். குழந்தைகள் திருப்பிச் சொல்லும். மறுபடி மூலை. தங்களையே ‘மனித டேப் ரிக்கார்டர்’ என்று இவர்கள் கேலி செய்து கொள்வதுண்டு. வேறு சில பள்ளிகளில் ஆசிரியை எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் திருத்துவார். சட்டத்தில் தனியாக நடத்தக் கூடாதுதான். அறையில் இருவர் இருக்கிறார்களே, சட்டம் திருப்தியடைந்து விடுகிறது!

மூன்றாவது வகைப் பள்ளியும் உண்டு. அங்கே வகுப்புக்கு முன் பத்து நிமிஷம் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு ஆசிரியை வேண்டுமென்றே தம் உடைந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறார். இளைஞர் பதில் சொல்கிறார். தங்கள் ஆசிரியை தடுமாறிச் சிரித்து மறுபடி சொல்வதைக் குழந்தைகள் பார்க்கின்றன. என்னைக் கேட்டால், இளைஞரின் அழகான உச்சரிப்பு ஒரு வருஷத்தில் கற்றுத் தராததை அந்தத் தடுமாற்றம் ஒரு நாளில் கற்றுத் தருகிறது என்பேன். ஏனெனில் ஜப்பானியக் குழந்தைக்குப் பெரிய தடை இலக்கணம் அல்ல. எல்லோர் முன்னிலும் பிழை செய்வதற்கு அஞ்சும் அச்சம். கேள்வி கேட்டால் பதில் தெரிந்த பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். அனுபவப்பட்டவர்கள் முதலில் இரண்டிரண்டு பேராக ரகசியம் போலப் பேசச் சொல்லி, அப்புறம்தான் எழுந்து சொல்லச் சொல்வார்கள்.

உச்சரிப்பின் கதை தனி. அவர்கள் எழுத்தில் ‘ன்’ தவிர மற்ற மெய்யெல்லாம் உயிரோடு சேர்ந்தே வரும், ‘ல’கரமும் கிடையாது. ‘மில்க்’ என்பது ‘மிருகு’ ஆகிவிடும்! சிரிக்க வேண்டாம். ‘ஸ்கூல்’ என்று வாய் வராமல் ‘இஸ்கூல்’ என்று சொன்ன நம் பாட்டனார்களும் அதே பள்ளிக்கூடத்து மாணவர்கள்தாம்.

மத்தியானம் சாப்பாடு. வெள்ளை அங்கியும் குல்லாயும் அணிந்த குழந்தைகளே பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து, அதே சோற்றை, அதே குழம்பை, அதே பாலைச் சாப்பிட வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் பாடு திண்டாட்டம். கீரையிலும் மீன் சாறு கலந்திருக்கும். பிறகு எல்லோருமாகத் துடைப்பமும் துணியும் எடுத்துப் பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள். பாஷை தெரியாத உதவி ஆசிரியர் ஒரு மனிதராக அந்த ஊரில் வேர் பிடிப்பது பெரும்பாலும் பாட வேளையில் அல்ல. இந்தச் சாப்பாட்டு வேளையிலும் துடைப்பத்திலும்தான். ஆனால் நாலைந்து பள்ளிகளுக்கு முறை போட்டு ஓடுகிறவருக்கு அந்தப் பாக்கியமும் அரைகுறையே. நூற்றுக் கணக்கான முகங்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ச் சீட்டையும் படிக்கத் தெரியாது.

சம்பளக் கணக்கு

இனி பணத்தைப் பார்ப்போம். 2012 வரை ‘ஜெட்’ ஆசிரியருக்கு வரி போக வருஷத்துக்கு 36 லட்சம் யென். அந்த வருஷம் அதை மாற்றி, முதல் வருஷத்துக்கு 33 லட்சத்து 60 ஆயிரம் என்று வைத்தார்கள், வரியும் அதிலிருந்தே. அப்போது டாலருக்கு 80 யென். கணக்குப் போட்டால் 42,000 டாலர். கல்லூரிக் கடனோடு வந்த அமெரிக்கப் பட்டதாரிக்கு அது கௌரவமான தொகை. 2024-ல் டாலருக்கு 150 யென் ஆகிவிட்டது. அதே சம்பளம் 22,400 டாலராகச் சுருங்கிற்று! வேலை குறையவில்லை, கடன் குறையவில்லை. நாணயம் மட்டும் காலை வாரிற்று. 2025-ல் முதல் வருஷச் சம்பளத்தை 40 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தியிருக்கிறார்கள். பாதிக் காயத்துக்கு மருந்து.

இதிலும் ‘ஜெட்’காரர்கள் பாக்கியசாலிகள். ஜப்பானில் உதவி ஆசிரியர்கள் மொத்தம் சுமார் 20,000 பேர் என்றால், அவர்களில் பெரும் பகுதியினர் இத்திட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். நகரசபைகள் செலவைக் குறைக்கத் தனியார் ஏஜென்ஸிகளிடம் காண்டிராக்ட் விடுகின்றன. யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கு வேலை. சாலை போடுவதற்கும் பாடம் சொல்வதற்கும் ஒரே டெண்டர் முறை! ஒப்பந்தம் மார்ச்சில் முடியும். ஏஜென்ஸி மாறினால் ஆசிரியரும் மாறுவார். வார வேலை நேரத்தை 30 மணிக்குச் சற்றுக் கீழே நிறுத்திக் காட்டிச் சமூக இன்ஷ்யூரன்ஸ் சந்தாவைத் தவிர்க்கும் சாமர்த்தியம் பற்றித் தொழிற்சங்கங்கள் பல வருஷங்களாகப் புகார் சொல்லி வந்திருக்கின்றன.

இன்னொரு விசித்திரம். ஒரு வகைக் காண்டிராக்டில், வெளிநாட்டவருக்கு உத்தரவிடும் உரிமை ஏஜென்ஸிக்குத்தான் உண்டு. வகுப்பில் பக்கத்திலேயே நிற்கும் ஆசிரியை, “அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள்” என்றால் அது விதி மீறல். சேர்ந்து பாடம் நடத்தவும் வேண்டும், சேர்ந்து பேசவும் கூடாது! இந்தக் கோணலைத் தொழிலாளர் இலாகா கண்டித்த ஊர்களும் உண்டு.

தனியார் சம்பாஷணைப் பள்ளிகளின் நிலையை 2007 அக்டோபர் காட்டிற்று. நாட்டிலேயே பெரியதான ‘நோவா’ நிறுவனம் திவாலாயிற்று. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டிருந்ததால், சிலருக்கு வீடும் ஆபத்தாயிற்று.

பலன் என்ன?

இவ்வளவு வருஷம், இவ்வளவு பேர். ஜப்பானியப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்களா? ‘இ.எஃப்.’ என்ற தனியார் நிறுவனம் வெளியிடும் ஆங்கிலத் திறமைப் பட்டியலில் 2011-ல் ஜப்பான் 44 நாடுகளில் 14-வது. 2024-ல் 116 நாடுகளில் 92-வது. விரும்பி வந்து எழுதுகிறவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அது. வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஜப்பானியப் பத்திரிகைகள் வருஷம் தவறாமல் தலையில் கை வைத்துக் கொள்கின்றன.

குற்றம் அந்த இருபத்திரண்டு வயதுக்காரருடையது அல்ல. நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் பிள்ளையின் கண் பரீட்சை மேல் திரும்பி விடுகிறது. பரீட்சை கேட்பது இலக்கணமும் வாசிப்பும். பேசத் தெரிந்தவனுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. சர்வகலாசாலை நுழைவுத் தேர்வில் பேச்சையும் சேர்க்கத் தனியார் தேர்வுகளைப் பயன்படுத்த ஒரு திட்டம் போட்டார்கள். பணக்காரப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும்தான் அது வசதி என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. 2019 நவம்பரில் ஒத்திவைத்து, 2021-ல் கைவிட்டே விட்டார்கள். டோக்கியோ நகரம் மட்டும் 2022-ல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பேச்சுத் தேர்வு வைத்து, மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் அதைக் கணக்கில் எடுத்துக் கொண்டது. அதற்கும் சண்டை ஓயவில்லை.

அந்தத் தேர்வுச் சண்டைக்குச் செலவிட்ட சக்தியில் ஒரு பகுதியை ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளின் ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வருகிற இளைஞருக்கும் இரண்டு நாள் சொற்பொழிவுக்குப் பதில் இரண்டு மாதப் பயிற்சி தரலாம். அந்த வெறும் ஆகஸ்டு மாதம் சும்மாதானே கிடக்கிறது!

பக்கத்து நாடான கொரியாவில் நம்மவருக்குச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. அங்கே ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கானடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டாருக்கு என்பது வழக்கம். 2010-ல் அமலுக்கு வந்த வர்த்தக உடன்படிக்கையில் இந்தியாவும் இடம் பிடித்தது. ஆனால் அந்த 7 நாட்டாருக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். இந்தியருக்கோ ஆசிரியப் பயிற்சிச் சான்றும் வேண்டும். பயிற்சி கேட்பது நியாயந்தான். நம்மிடம் மட்டும் கேட்பதுதான் வேடிக்கை. பாஸ்போர்ட்டின் நிறத்தில் இலக்கணம் ஒட்டிக் கொண்டிருக்கிறது போலும்!

சீனாவிலோ கதவையே சாத்தி விட்டார்கள். 2021 ஜூலையில் பிறந்த உத்தரவு, வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு இன்டர்நெட் மூலம் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வோரை விலக்கிற்று. ஆயிரக் கணக்கானோர் ஒரே பருவத்தில் வேலை இழந்தார்கள்.

இஷினோமாகியில்

2011 மார்ச் 11. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பூகம்பம். இஷினோமாகி நகரில் டெய்லர் ஆண்டர்சன் என்ற 24 வயது அமெரிக்கப் பெண் உதவி ஆசிரியையாக இருந்தார். பூமி அதிர்ந்தபோது ஆரம்பப் பள்ளி ஒன்றில் இருந்தார். பெற்றோர்கள் வந்து குழந்தைகளை அழைத்துப் போகும் வரை காத்திருந்து விட்டு, சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் கடல் வந்து கொண்டு போயிற்று. அன்று ரிக்குசென்டகாடா நகரிலும் ஒரு ‘ஜெட்’ ஆசிரியர் உயிரிழந்தார்.

டெய்லரின் பெற்றோர், மகள் பாடம் சொன்ன பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுக்க விரும்பினார்கள். அவற்றை வைக்கும் அலமாரிகளைச் செய்து கொடுத்தவர் உள்ளூர்த் தச்சர் ஒருவர். அவருடைய மூன்று குழந்தைகளும் அதே சுனாமியில் போனவர்கள். டெய்லர் அவருடைய குழந்தைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இந்தச் சம்பவம் தெரிந்தும், அல்லது தெரிந்ததனாலேயே, ஒவ்வொரு ஜூலையிலும் புதியவர்கள் வந்து இறங்கிக் கொண்டிருக்கிறார்கள். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். புதுப்பித்துக் கொண்டே போனால் அதிகபட்சம் 5 வருஷம். கோடையில் மேஜையைச் சூடேற்றியவரிடம் குளிர்காலத்தில் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அடுத்த வருஷமும் இருப்பீர்களா, மாட்டீர்களா? வெளியே பனி. அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு. இதற்குள் அவருக்குக் குப்பைக் கிழமைகள் மனப்பாடமாகியிருக்கும். படிவத்தை நிரப்ப அவருக்குச் சில வாரங்கள் அவகாசம் உண்டு.